எலிக்குக் கொடுத்துப் பார்த்து மனிதனுக்குக் கணக்குப் போடுவது எப்படி?

"இதை எலிக்குக் கொடுத்தாங்களாம், எலிக்குப் புற்றுநோய் வந்துடுச்சாம்" என்று ஏதாவது ஒரு செய்தி வாட்ஸாப்பில் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு நாள் பஞ்சு மிட்டாய்ச் சாயம், இன்னொரு நாள் டயட் பானத்தில் போடும் இனிப்பு, அப்புறம் சிப்ஸ். படிப்பவர்களில் ஒரு பாதி பயந்துபோய் அந்தப் பொருளை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை. மறுபாதி "எலிக்கு வந்தா எனக்கென்ன" என்று தள்ளிவிட்டுப் போய்விடுகிறது. எலிக்கு எவ்வளவு கொடுத்தார்கள், நாம் எவ்வளவு சாப்பிடுகிறோம், எலியிலிருந்து மனிதனுக்கு எந்த வழியில் வந்து சேர்ந்தார்கள் என்று இரண்டு பாதியுமே கேட்பதில்லை. பெருக்கல் வகுத்தல் தெரிந்த யாரும் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான் அது. முழுசாக ஒரு முறை போட்டுப் பார்த்தவரை இந்தச் செய்திகள் அவ்வளவு சுலபமாக ஆட்டிவைக்க முடியாது. அதனால் ஒரே ஒரு பொருளை எடுத்து, முதல் படியிலிருந்து கடைசிப் படி வரை போட்டுக் காட்டுகிறேன்.

நிலக்கடலையை எடுத்துக்கொள்வோம். உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்து மானாவாரிக் காடுகளில் விளைவது, மதுரை கீழமாசி வீதிக் கடைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருப்பது, அவித்தும் வறுத்தும் சட்னி அரைத்தும் மிட்டாய் பிடித்தும் செக்கில் ஆட்டியும் வருஷம் முழுக்க நாம் சாப்பிடுவது. கடலை நல்ல சாப்பாடு, அதில் மறுபேச்சு இல்லை. பிரச்சினை, அதில் பிடிக்கும் ஒரு பூஞ்சை. அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற அந்தப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. அதில் பல வகை உண்டு, மோசமானது பி1. காய் முற்றும் சமயத்தில் மழை பொய்த்துச் செடி வாடினாலோ, பிடுங்கிய கடலை சரியாகக் காயாமல் மூட்டைக்குப் போனாலோ இது பெருகும். வறுத்தால் ஓரளவு குறையும்; முழுதாகப் போகாது.

இந்த நஞ்சு இருப்பதே 1960-ல்தான் தெரிய வந்தது. இங்கிலாந்தில் சுமார் ஒரு லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனால், எல்லாம் பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கைத் தின்றவை. ஈரலைத் தாக்கும் நஞ்சு என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக் கணக்கில் உள்ளே போனால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் எலி வேண்டியிருந்தது.

இரண்டு வருஷச் சாப்பாடு

புற்றுநோய்ச் சோதனை என்றால் இன்று வழக்கமாகச் செய்வது இது. எலியிலும் சுண்டெலியிலும், ஆண் தனி பெண் தனியாக, குழு குழுவாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவிலும் 50. ஒரு குழுவுக்குச் சுத்தமான தீவனம் மட்டும். மற்ற குழுக்களுக்கு அதே தீவனத்தில் சோதிக்கும் பொருளைக் குறைவாக, நடுத்தரமாக, அதிகமாக என்று மூன்று அளவில் கலந்து கொடுப்பார்கள். இரண்டு வருஷம், அதாவது கிட்டத்தட்ட ஒரு எலியின் ஆயுள் முழுக்க, தினமும் அதே சாப்பாடு. கடைசியில் ஒவ்வொரு எலியையும் உறுப்பு உறுப்பாக அறுத்து, மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். எந்தக் குழுவில் எத்தனை எலிக்கு எந்த உறுப்பில் கட்டி என்று எண்ணுவதுதான் முடிவு. சுத்தத் தீவனம் தின்ற எலிக்கும் வயதானால் கட்டி வரும் என்பதால் அந்தக் குழு இல்லாமல் எதையும் சொல்ல முடியாது.

மூன்றில் அதிக அளவு என்பது உண்மையிலேயே அதிகம். எலி சாகாமல், எடை ரொம்ப இறங்காமல் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு கொடுப்பார்கள். மனிதன் சாப்பிடுவதைப் போல ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு கூட இருக்கும். "யாராவது அவ்வளவு சாப்பிடுவாங்களா?" என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அப்படிக் கொடுப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஆயுளில் லட்சம் பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் தரும் பொருள் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மதுரை மாவட்ட மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 30 லட்சம். அப்படியானால் 30 பேர். எந்த அரசும் கவலைப்பட வேண்டிய எண்ணிக்கை. அதே அளவை 50 எலிக்குக் கொடுத்தால் ஒரு எலிக்கும் வராது. 50 எலியில் ஒன்றுக்குக்கூடக் கட்டி வராவிட்டாலும், உண்மையான ஆபத்து நூற்றுக்கு ஆறு வரை இருந்திருக்கலாம் என்கிறது புள்ளியியல். லட்சத்தில் ஒன்றைப் பிடிக்க வேண்டுமானால் பல லட்சம் எலிகள் வேண்டும். 1970-களில் அமெரிக்காவில் ஒரு ரசாயனத்துக்கு 24,000 சுண்டெலிகளை வைத்து ஒரு மாபெரும் சோதனை செய்தார்கள். அதன் குறியே நூற்றில் ஒன்று என்ற ஆபத்தைப் பிடிப்பதுதான். எலியின் எண்ணிக்கையைக் கூட்ட முடியாதபோது அளவைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அளந்துவிட்டு, தெரியாத இடத்துக்குக் கணக்கால் இறங்கி வருகிறார்கள்.

ஆறு குழு எலிகள்

இப்போது அஃப்ளடாக்சினுக்கு வருவோம். 1974-ல் ஜெரால்டு வோகனும் அவர் குழுவும் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை இந்தக் கணக்குக்கு ஆதாரமாக நிற்கிறது. ஃபிஷர் என்ற வகை ஆண் எலிகள். தீவனத்தில் கிலோவுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று பி1 கலக்கப்பட்டது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

சுத்தத் தீவனம் தின்ற 18 எலிகளில் ஒன்றுக்கும் ஈரல் புற்றுநோய் இல்லை. கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் கலந்ததைத் தின்ற 22 எலிகளில் 2. ஐந்து மைக்ரோகிராமில் 22-க்கு 1. பதினைந்தில் 21-க்கு 4. ஐம்பதில் 25-க்கு 20. நூறில் 28 எலிக்கும் வந்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை.

இந்த எண்களை அவசரமில்லாமல் ஒரு முறை திரும்பப் பாருங்கள். மேலே ஏற ஏறக் கட்டி கூடுகிறது, மறுக்கவே முடியாது. ஆனால் அடியில், 1 மைக்ரோகிராமில் இரண்டு எலிக்கும் 5 மைக்ரோகிராமில் ஒரே எலிக்கும் வந்திருக்கிறது. அளவு ஐந்து மடங்கு ஏறியிருக்க, நோய் இறங்கியிருக்கிறது! அதனால் ஐந்து ஒன்றைவிட நல்லது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருபது சொச்சம் எலிகளில் ஒன்றோ இரண்டோ என்பது வெறும் தற்செயலாகவே மாறக்கூடியது. மனிதன் சாப்பிடும் அளவு இருப்பதோ இந்த அடிப்பகுதிக்கும் கீழே. நமக்கு வேண்டிய இடத்தில்தான் எலியின் குரல் தெளிவாகக் கேட்பதில்லை. மேற்கொண்டு வரும் கணக்கெல்லாம் இந்த ஒரு சங்கடத்தைச் சமாளிக்கத்தான்.

கீழே இறங்குவது எப்படி

இங்கே இரண்டு பாதைகள் உண்டு. எந்தப் பாதையில் போவது என்பதைப் பொருள் உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

சில பொருள்கள் ஓர் அளவுக்கு மேல் போனால்தான் உறுப்பைப் புண்ணாக்கும். அந்த ரணம் ஆறுவதும் மறுபடி புண்ணாவதுமாக இருக்கும்போது கட்டி வரும். அந்த அளவுக்குக் கீழே புண்ணே இல்லை, ஆகவே கட்டியும் இல்லை. இவற்றுக்கு, எலிக்கு எந்தத் தீங்கும் செய்யாத அளவைக் கண்டுபிடித்து அதை நூறால் வகுப்பது வழக்கம். எலிக்கும் மனிதனுக்கும் உள்ள வித்தியாசத்துக்காகப் பத்து, மனிதருக்கு மனிதர் உள்ள வித்தியாசத்துக்காக இன்னொரு பத்து.

அஃப்ளடாக்சின் அந்த வகை இல்லை. ஈரல் அதை உடைக்கும்போது உண்டாகும் ஒரு துண்டு நேராக டிஎன்ஏ-வில் போய் ஒட்டுகிறது. ஒரே ஒரு மூலக்கூறு ஒட்டினாலும் தவறான இடத்தில் ஒட்டினால் மரபணு மாறலாம். அதனால் "இதற்குக் கீழே ஆபத்தே இல்லை" என்று கோடு போட முடியாது. இப்படிப்பட்ட பொருளுக்கு, அளவு பாதியானால் ஆபத்தும் பாதி, பத்தில் ஒன்றானால் ஆபத்தும் பத்தில் ஒன்று என்று சுழியம் வரை நேர்கோடாக வைத்துக்கொள்கிறார்கள். உடம்புக்கு டிஎன்ஏ-வைச் சரிசெய்யும் ஏற்பாடுகள் இருப்பதால் உண்மை ஆபத்து இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கவே வாய்ப்பு அதிகம். தெரிந்தே கூடுதலாக மதிப்பிடுகிறார்கள். பொதுச் சுகாதாரத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும் என்பதே என் எண்ணமும். ஆனால் அப்படிச் செய்தோம் என்பதைக் கணக்கைக் கேட்பவருக்குச் சொல்லிவிட வேண்டும். அந்த இடத்தில்தான் செய்திகள் சறுக்குகின்றன.

கோடு எங்கிருந்து தொடங்கும்? நூற்றுக்குப் பத்து எலிக்குக் கூடுதலாகப் புற்றுநோய் தரும் அளவிலிருந்து. எலிச் சோதனையில் அதுதான் ஓரளவு நம்பிக்கையோடு பார்க்கக்கூடிய கடைசி இடம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ல் பி1-க்கு அந்த அளவை, பாதுகாப்பான பக்கமாகச் சாய்த்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.4 மைக்ரோகிராம் என்று எடுத்தது. இதையே 400 நானோகிராம் என்று சொன்னால் மேற்கொண்டு கணக்குப் போட வசதி. 400 நானோகிராமுக்கு நூற்றில் பத்து என்றால், நேர்கோட்டுக் கணக்கில் 1 நானோகிராமுக்கு லட்சத்தில் 25.

நம் பக்கத்து எண்ணுக்கு வருவோம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தினமும் 30 கிராம் கடலை, ஒரு கை நிறைய, சாப்பிடுகிறார். அந்தக் கடலையில் எப்போதும் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம் பி1 இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்கு எல்லா அஃப்ளடாக்சினும் சேர்த்து கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச வரம்பு அதுதான். தினமும், வாழ்நாள் முழுக்க, வரம்பைத் தொட்ட கடலையையே சாப்பிடுகிறவர் யாரும் இருக்க மாட்டார், கணக்குக்காக வைத்துக்கொள்கிறோம். அவருக்குள் நாளொன்றுக்குப் போவது 450 நானோகிராம். அறுபதால் வகுத்தால் கிலோவுக்கு 7.5 நானோகிராம். 25-ஆல் பெருக்கினால் ஆயுளில் லட்சத்துக்குச் சுமார் 190.

இதே தகவலை வேறு மாதிரியும் சொல்வார்கள். எலிக்கு நோய் தந்த 400-ஐ மனிதன் சாப்பிடும் 7.5-ஆல் வகுத்தால் 53. இரண்டுக்கும் நடுவில் 53 மடங்கு இடைவெளி. டிஎன்ஏ-வைத் தாக்கும் பொருள்களுக்கு இந்த இடைவெளி 10,000 மடங்குக்கு மேல் இருந்தால் பெரிய கவலை இல்லை என்பது ஐரோப்பிய ஆணையத்தின் அளவுகோல். 53 என்பது எங்கே, 10,000 எங்கே! இத்தனை பேருக்கு நோய் வரும் என்று எண்ணிக்கை சொல்லாமல், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் இந்த முறை எனக்குக் கூடுதல் நேர்மையாகப் படுகிறது.

எலியின் உடம்பு, நம் உடம்பு

இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. எலியின் கிலோவும் மனிதனின் கிலோவும் ஒன்றா? 300 கிராம் எலிக்கு இதயம் படபடவென்று அடிக்கும், தன் எடையில் இருபதில் ஒரு பங்கைத் தினமும் தின்னும், உள்ளே போனதைச் சீக்கிரம் உடைத்து வெளியே தள்ளும். பெரிய உடம்பில் எல்லாம் நிதானம். நஞ்சும் கூடுதல் நேரம் தங்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறது: எலியின் எடையை மனிதனின் எடையால் வகுத்து, நான்காம் மூலம் எடுத்து, எலியின் அளவோடு பெருக்க வேண்டும். 0.3 கிலோவை 60 கிலோவால் வகுத்தால் 0.005. அதன் நான்காம் மூலம் சுமார் 0.27. அதாவது எலியின் கிலோவுக்கு 400 நானோகிராம் என்றால் மனிதனின் கிலோவுக்குக் கிட்டத்தட்ட 106-லேயே அதே விளைவு வரும் என்று எடுத்துக்கொள்வார்கள். இப்படிப் பார்த்தால் நம் 190 என்பது 700 ஆகிவிடும். ஒரே எலி, ஒரே கடலை. எந்த அமைப்பின் முறையில் போட்டோம் என்பதை வைத்தே விடை நாலு மடங்கு மாறுகிறது.

இதெல்லாம் எலியும் மனிதனும் ஒரே மாதிரி நடந்துகொண்டால். பல சமயம் அப்படி நடந்துகொள்வதில்லை. அஃப்ளடாக்சினையே சுண்டெலிக்குக் கொடுத்தால் வளர்ந்த சுண்டெலிக்கு அநேகமாக ஒன்றும் ஆவதில்லை. அதன் ஈரலில் இருக்கும் ஒரு நொதி நஞ்சை டிஎன்ஏ பக்கம் போகவிடாமல் பிடித்துச் செயலற்றதாக்கிவிடுகிறது. வோகன் குழு எலிக்குப் பதில் சுண்டெலியை எடுத்திருந்தால் "பயமில்லை" என்றுகூட முடிவு வந்திருக்கலாம். இரண்டு இனத்திலும் சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

டயட் பானத்தில் போடும் சாக்கரின் என்ற இனிப்பின் கதை இதற்கு நேர் எதிர். 1977-ல், தீவனத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு சாக்கரின் தின்ற ஆண் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததாகக் கனடா ஆய்வு சொன்னது. அந்த அளவை எட்ட ஒருவர் நாளைக்குச் சுமார் 800 கேன் டயட் சோடா குடிக்க வேண்டும் என்று அப்போதே பேசினார்கள். அமெரிக்காவில் சாக்கரின் பொட்டலங்களில் புற்றுநோய் எச்சரிக்கை ஏறியது. பல வருஷம் கழித்துத்தான் காரணம் புரிந்தது: எலியின் சிறுநீரில் இருக்கும் கால்சியம், பாஸ்பேட், புரதம் எல்லாம் சேர்ந்து, அவ்வளவு சாக்கரின் போகும்போது நுண்ணிய படிகங்களாகி, பையின் உள்தோலைக் கீறிக்கொண்டே இருந்திருக்கின்றன. மனிதச் சிறுநீரில் அது நடப்பதில்லை. 2000-ல் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலில் மணக்கும் லிமோனீனும் இப்படித்தான். ஆண் எலிக்கு மட்டும் சிறுநீரகக் கட்டி. ஆண் எலியில் மட்டும் ஏராளமாக ஊறும் ஒரு புரதம்தான் காரணம். வறுத்த, பொரித்த பண்டங்களில் உண்டாகும் அக்ரிலமைடுக்கு ஐரோப்பிய ஆணையம் ஆதாரமாக எடுத்துக்கொண்ட கட்டியோ, சுண்டெலியின் கண்ணுக்குப் பின்னால் உள்ள ஹார்டேரியன் சுரப்பியில் வந்தது. நமக்கு அந்தச் சுரப்பியே கிடையாது. இருந்தாலும் அக்ரிலமைடு டிஎன்ஏ-வைத் தாக்கும் வழி மனித உடம்புக்கும் பொருந்துவதால், வேறு உறுப்பில் வரலாம் என்ற எண்ணத்தில் அந்த எண்ணை ஏற்றுக்கொண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு "அப்ப எலி சொல்றது எல்லாம் சும்மா" என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் தவறாகிவிடும். சாயத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருவதை ஜெர்மனியில் லுட்விக் ரென் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே எழுதினார். எலியில் அதைக் காட்ட முடியவில்லை. 1938-ல் நாய்களுக்கு 2-நாப்தைலமீன் கொடுத்துப் பார்த்தபோதுதான் அதே உறுப்பில் அதே நோய் வந்தது. நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல். குடிநீரில் கலந்த ஆர்செனிக் மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் எத்தனை பேருக்குத் தோலிலும் சிறுநீர்ப்பையிலும் நுரையீரலிலும் புற்றுநோய் தந்திருக்கிறது! விலங்குச் சோதனைகளில் அது நெடுங்காலம் பிடிபடவே இல்லை. எலி "உண்டு" என்று தவறாகச் சொன்னால் நமக்குப் பணமும் நேரமும் நஷ்டம். "இல்லை" என்று தவறாகச் சொன்னால் உயிர் போகும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

மனிதர்களிடம் சரிபார்த்தபோது

பெரும்பாலான ரசாயனங்களுக்கு எலிக் கணக்கோடு கதை முடிந்துவிடும், சரிபார்க்க வழியில்லை. அஃப்ளடாக்சின் விஷயத்தில் வழி இருந்தது. ஷாங்காயில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், முன்பே எடுத்து வைத்திருந்த சிறுநீரில் அஃப்ளடாக்சின் தடயம் இருந்ததா, ரத்தத்தில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்ததா என்று பார்த்தார்கள். இரண்டும் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், அஃப்ளடாக்சின் மட்டும் இருந்தவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. கிருமி மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்கு 59 மடங்கு. மூன்றை ஏழால் பெருக்கினால்கூட 21-தான் வரும். அஃப்ளடாக்சின் அதிகமுள்ள ஊர்களின் ஈரல் கட்டிகளில் பி53 என்ற மரபணுவின் 249-ஆம் இடத்தில் ஒரே மாதிரியான மாற்றம் திரும்பத் திரும்பத் தென்படுவதும் தெரிந்தது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

இந்த மனித ஆய்வுகளை வைத்து 1997-ல் உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு ஓர் எண் கொடுத்தது. கிலோவுக்கு தினம் 1 நானோகிராம் உள்ளே போனால், ஹெபடைடிஸ் பி இல்லாதவர்களில் வருஷத்துக்கு லட்சத்தில் 0.01 பேருக்கும், அது உள்ளவர்களில் 0.3 பேருக்கும் ஈரல் புற்றுநோய் வரும். முப்பது மடங்கு வித்தியாசம். எழுபது வருஷத்துக்குப் பெருக்கினால் லட்சத்தில் 0.7 பேர், 21 பேர்.

எலி சொன்னது 25. கிருமி உள்ள மனிதர்களுக்கு அது ஆச்சரியப்படும்படி கிட்டத்தில் இருக்கிறது. கிருமி இல்லாதவர்களுக்கோ முப்பத்தைந்து மடங்கு கூடுதலாகச் சொல்லியிருக்கிறது. தினம் ஒரு கை கடலை சாப்பிடும் நம் ஆளுக்கு, எலிக் கணக்கில் லட்சத்துக்கு 190 என்று வந்ததல்லவா? மனிதக் கணக்கில் கிருமி இல்லாவிட்டால் சுமார் 5, இருந்தால் 160-க்குக் கொஞ்சம் கீழே. நம் நாட்டில் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு அந்தக் கிருமி இருக்கிறது. எல்லாரும் அதே கடலையைச் சாப்பிட்டால், அந்த இரண்டு மூன்று பேரிடமிருந்து மட்டும் மொத்த நோயில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வந்துவிடும். அப்படிப் பார்த்தால் பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியும், ஆறு, பத்து, பதினாலாம் வாரங்களில் போடும், ஹெபடைடிஸ் பி-யும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியும் கடலையின் ஆபத்தையும் சேர்த்தே குறைக்கின்றன. கடலையைப் பற்றிக் கவலைப்படும் எந்தப் பெற்றோரும் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது குழந்தையின் தடுப்பூசி அட்டையை.

பஞ்சு மிட்டாயும் பாலும்

2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்தார்கள். அது புற்றுநோய் தரும் என்று எல்லாரும் பேசினார்கள். உலக முகமையின் பட்டியலில் அது இன்னும் "வகைப்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை" என்ற மூன்றாம் பிரிவில்தான் இருக்கிறது. எலியின் தோலுக்கடியில் ஊசியாகப் போட்டபோது கட்டி வந்த தகவல் உண்டு. ஆனால் அஃப்ளடாக்சினுக்குப் போட்டதுபோல் ஒரு கோடு போட அது உதவாது. "அப்ப தடை தப்பா?" என்றால், இல்லை. துணிக்கும் காகிதத்துக்கும் போடும் சாயம் அது. உணவில் சேர்க்க அனுமதியே கிடையாது. சாப்பாட்டுக்கு ஒரு பயனும் தராத சாயத்தை, புற்றுநோய்க் கணக்கு முடியட்டும் என்று குழந்தைகள் வாயில் விட்டுவைக்க வேண்டியதில்லை. கடலையில் அப்படி முடியாது. பூஞ்சை வயலிலேயே வருகிறது. சுழியம் என்று வரம்பு வைத்தால் கடலையே விற்க முடியாமல் போகும். அதனால்தான் முடிந்தவரை குறைக்கச் சொல்லி ஒரு வரம்பு.

அந்தக் குறைக்கும் வேலையில் நம் கைக்கும் பங்கு உண்டு. அஃப்ளடாக்சின் ஒரு மூட்டையில் சமமாகப் பரவியிருக்காது. பெரும்பாலான பருப்பில் ஒன்றுமே இருக்காது. சுருங்கியது, கருத்தது, பூச்சி அரித்தது, பச்சை பூத்தது என்று ஒரு சில பருப்புகளில் மொத்தமும் குவிந்திருக்கும். கடையில் ஒரு கை அள்ளிப் பரப்பிப் பார்த்து, "இதுல பாதி சொத்தையா கெடக்கே, வேற மூட்டைல இருந்து போடுங்க அண்ணாச்சி" என்று கேட்கும் பெண்கள் செய்வது மிகச் சரியான வேலை. வாயில் போட்டதும் கசந்தால் மென்று விழுங்காமல் துப்பிவிட வேண்டும். விளைவிக்கிறவர்களுக்கு, பருப்பின் ஈரம் நூற்றுக்கு எட்டுக்குக் கீழே வரும் வரை காயப்போட்ட பிறகே மூட்டை கட்ட வேண்டும் என்பது முக்கியம்.

பொறுக்கி எடுத்த சொத்தை எங்கே போகிறது என்பதையும் கேட்க வேண்டும். மலிவாகச் செக்குக்குப் போனால் நஞ்சில் பெரும் பங்கு எண்ணெயில் போகாமல் புண்ணாக்கில் தங்கும். அந்தப் புண்ணாக்கு மாட்டுக்கு. மாடு தின்ற பி1-இல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு, எம்1 என்ற வேறு உருவத்தில், ஒரு நாளைக்குள் பாலில் வந்துவிடும். இந்தியாவில் பாலுக்கு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் அதில் பத்தில் ஒன்று. வரம்பைத் தொட்ட பாலை தினம் அரை லிட்டர் குடிக்கும் பத்து கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 25 நானோகிராம் எம்1 போகும். நம் கடலைக்காரருடைய 7.5-ஐவிட மூன்று மடங்குக்கு மேல். ஆனால் எம்1-இன் வீரியம் பி1-இல் பத்தில் ஒன்று. அதையும் ஃபிஷர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஆக, பி1 கணக்கில் 2.5 நானோகிராம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கை நிறுத்திவிட்டால் மூன்று நாலு நாளில் பாலும் தெளிந்துவிடும்.